ஆயிலில் வந்த மண்

"நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லிப்போடுங்க அம்மணி."

சென்னியப்பன் காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

சங்ககிரியில், எடைமேடைக்குப் பக்கத்தில், வண்டி ஆயிலைச் சோதித்துச் சொல்லும் சின்ன ஆய்வுக்கூடம் அது. நடத்துகிறவள் ஜெபராணி. தெற்கே நாசரேத்துக்காரி. வேதியியல் படித்தவள். சென்னியப்பனுக்கு மகள் வயது.

அவர் பாதி ஆயுள் லாரி ஓட்டியவர். முதுகெலும்பில் தட்டு விலகியதும் ஸ்டியரிங்கை விட்டார். இப்போது சொந்தமாக ஒரே ஒரு பன்னிரண்டு சக்கர லாரி. அதை ஓட்டுகிறவன் மாதேசன்.

கொஞ்ச நாளாக வண்டி புகை கக்கியது. ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலில் ஒரு குப்பி பிடித்துச் சோதனைக்குக் கொடுத்திருந்தார். மெக்கானிக் அதற்குள் முடிவே சொல்லிவிட்டான். இஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும். பிரித்தால் பொங்கல்வரை வண்டி எழாது.

காகிதத்தில் அளவு மீறிய மூன்று வரிகள் சிவப்பாக இருந்தன.

"ஒரே வார்த்தைன்னா, 'தேயுது' அண்ணாச்சி."

"தேயாத இஞ்சின் உலகத்துல உண்டுங்களா?"

"அப்ப ஒரு வார்த்தை பத்தாது, பாத்தீங்களா?"

சென்னியப்பன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"சரி. படிக்கச் சொல்லிக் குடுங்க."

 

"இந்த முதல் வரி இரும்பு," என்றாள். "நூத்திப்பத்து."

"நூத்திப்பத்து என்ன? கிராமா?"

"ஆயிலைப் பத்து லட்சம் பங்காப் பிரிச்சா, அதுல நூத்திப்பத்து பங்கு."

அவர் சிரித்துவிட்டார்.

"அவ்வளவுதானா! இதுக்கா அந்த மெக்கானிக் இஞ்சினை இறக்கச் சொல்றான்?"

ஜெபராணி அவருடைய குப்பியைத் திறந்தாள். அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள்.

"தேய்ச்சுப் பாருங்க."

தேய்த்தார்.

"மொழுமொழுன்னு இருக்கு."

"இரும்பு தட்டுப்படுதா?"

"இல்லீங்க."

"அதுலதான் இருக்கு."

அவர் கையை விரித்தபடியே வைத்திருந்தார். துடைக்கத் தோன்றவில்லை.

"கண்ணுக்கே தெரியாததை உங்க மெஷின் எப்படீங்க எண்ணுது?"

"எரிச்சுப் பாக்குது. மத்தாப்புல பச்சை ஒரு மருந்துல வருது, சிவப்பு ஒரு மருந்துல வருதுல்லா? அது மாதிரி இரும்பு ஒரு நிறத்துல எரியும், செம்பு ஒரு நிறத்துல எரியும். எந்த நிறம் எவ்வளவு வெளிச்சமா இருக்குன்னு மெஷின் பாக்கும்."

"என்ற வண்டி ஆயிலை எரிக்கறதை நான் பாக்கலாமா?"

அவள் கறுப்புக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். பெட்டிக்குள் ஒரு பொறி வெடித்தது. ஊதாவா, பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். பெட்டியிலிருந்து கருகிய வாசம் வந்தது.

"இன்னொருக்கா," என்றார்.

இன்னொரு தடவை காட்டினாள்.

 

"இரண்டாவது வரி அலுமினியம்," என்றாள் ஜெபராணி. "அது பிஸ்டன்ல இருந்து வருது. இரும்பு, பிஸ்டன் ஓடுற லைனர்ல இருந்து."

"மூணாவது? சிலிக்கான்னு போட்டிருக்கு."

"அது இஞ்சினோடது இல்ல. கேஸ்கட்டுக்குத் தடவுற பசையில இருந்து கொஞ்சம் வரும். ஆனா இங்க மூணும் சேர்ந்து ஏறியிருக்கு. அப்படின்னா அது வெளியில இருந்து உள்ள போயிருக்கு."

"வெளியில இருந்தா? என்னது?"

"மண்ணு."

சென்னியப்பன் எழுந்தார்.

"மண்ணா? காத்துல வர்ற மண்ணைத் தடுக்கத்தான ஏர் ஃபில்டர் இருக்கு! அப்ப ஃபில்டரை மாத்தாமயே ஓட்டியிருக்கான்."

"அண்ணாச்சி, நான் மண்ணுன்னுதான் சொன்னேன்."

அவர் காதில் விழவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"மாதேசா, நீ நாளைல இருந்து வர வேண்டாம். சாவியை மெக்கானிக்கிட்டக் குடுத்துட்டுப் போயிரு... என்னத்தைச் சொல்லப்போற? ரிப்போர்ட்டே வந்திருச்சு. நீ ஒண்ணும் பேசாத."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

ஜெபராணி குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

 

இரண்டு நாளில் மறுபடி வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"உங்க மெஷின் பொய் சொல்லுதுங்க அம்மணி."

"அப்படியா?"

"மெக்கானிக்குக் காட்டலாம்னு நானே ஃபில்டரைக் கழட்டினேன். புதுசு. பொத்தல் இல்ல, கிழிசல் இல்ல. உக்காருற எடத்துல ரப்பர்கூடச் சரியா உக்காந்திருக்கு."

"அப்ப மாதேசன் ஃபில்டர் மாத்தியிருக்காரு."

"ஃபில்டர் இல்லீன்னா வேற என்னமோ பண்ணியிருப்பான்."

ஜெபராணி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள்.

"ஆயிலை எப்படிப் பிடிச்சீங்க?"

"வடிச்ச ஆயில் சட்டியில கெடந்துச்சு. அதுல மோந்தேன்."

"சட்டி எங்க கெடந்துச்சு?"

"ஷெட்டுலதான்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. ஷெட்டு முழுக்கப் புழுதி.

"மெஷின் மேல பழி போடலாம். குப்பி மேலயும் போடலாம்," என்றாள். "அடுத்த தடவை வண்டி ஓடி நின்ன சூட்டோட பிடிங்க. முதல்ல வர்றதை விட்டுருங்க. கடைசியில வர்றதையும் விட்டுருங்க. நடுவுல ஓடுறதைப் பிடிங்க."

"சரிங்க."

"நடுவுல எத்தனை லிட்டர் ஆயில் ஊத்தினாங்க? குறையக் குறைய ஊத்துவாங்கல்லா?"

"அது மாதேசனுக்குத்தான் தெரியும்."

"புகை எப்ப இருந்து?"

"அதுவும் அவனுக்குத்தான்."

"வண்டி எந்த ரோட்டுல ஓடுது?"

"கரூர்ப் பக்கம் ஒரு கிரஷர்ல ஜல்லி ஏத்தறோம். அந்த ரோடு எப்படி இருக்கும்னு நான் பாத்ததில்ல."

"பாத்தவரைக் கேக்கலாமே."

"அவனைத்தான் நிறுத்திப்போட்டனே."

ஜெபராணி அடுத்தவருடைய குப்பியில் பேர் எழுதத் தொடங்கினாள்.

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது.

"நானே ஓட்டிப் பாக்கறேன்," என்றார்.

 

இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு ஓட்டினார்.

கிரஷர் ரோட்டில் முன்னால் போகும் வண்டி தெரியாது. அவ்வளவு புழுதி. கண்ணாடியை ஏற்றினால் வெந்துபோக வேண்டும், இறக்கினால் பல்லில் மண் கடிபடும். லோடு ஏற ஏற மேட்டில் வண்டி முனகும். மேடு ஏறும்போது எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு விசில் கேட்டது. டர்போ சத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

புது ஃபில்டரை அவரே வாங்கிப் போட்டார். வேறு யாரையும் தொட விடவில்லை.

இடுப்பு விட்டுப்போனதும் வண்டியை நிறுத்தினார். சூடான ஆயிலை, நடுவில் ஓடும்போது, சுத்தமான குப்பியில் பிடித்தார். குழந்தைக்கு மருந்து கொண்டுபோகிறவர் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

 

இரண்டாவது காகிதம் வந்தது. ஜெபராணி அவரிடமே நீட்டினாள்.

"நீங்களே படிங்க."

அவர் விரலை வைத்து வைத்துப் படித்தார்.

"இரும்பு நாப்பது. அன்னைக்கு நூத்திப்பத்து. சிலிக்கான் இருபது. அன்னைக்கு நாப்பத்தஞ்சு." முகம் மலர்ந்தது. "குறைஞ்சு போச்சு! பாத்தீங்களா? ஆள் மாறினதும் குறைஞ்சு போச்சு!"

"அந்த ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சு?"

"பதினெட்டாயிரம்."

"இது?"

"அஞ்சாயிரம்."

அவள் ஜன்னல் ஓரமாகப் போய் நின்றாள்.

சென்னியப்பன் கையில் கணக்குப் போட்டார். ஒரு தடவை போட்டார். மறுபடி போட்டார்.

வெளியே எடைமேடையில் ஒரு வண்டி ஏறி இறங்கியது.

"கூடியிருக்குங்க," என்றார்.

"ம்."

"ஓட்டினது நான். ஃபில்டர் போட்டது நான். ஆயில் பிடிச்சது நான்." காகிதத்தைக் கீழே வைத்தார். "இப்ப யாரைத் திட்டறது?"

"யாரும் மிச்சமில்லல்லா?" என்றாள் ஜெபராணி. "இனி மண்ணைத் தேடலாம்."

 

"எங்கன்னு தேடறதுங்க?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நான் லாரியில ஏறினதே இல்ல. எனக்கு ஆயில்தான் தெரியும்."

"ஒரு வழியாச்சும் சொல்லுங்க."

அவள் யோசித்தாள்.

"ஃபில்டரைத் தாண்டினப்புறம், இஞ்சினுக்குக் காத்துப் போற குழாய்க்குள்ள எப்படி இருக்கணும்?"

"கண்ணாடியாட்டம் இருக்கணும்."

மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அவர் ஷெட்டுக்குப் போனார். குழாயைக் கழற்றி, துணியை விரலில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தார். எடுத்துப் பார்த்தார்.

துணி செங்கல் நிறத்தில் இருந்தது.

ஃபில்டர் சரி. ஃபில்டருக்கு அப்பால் மண். ஃபில்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ரப்பர் குழாய். அதைத் தடவினார், மடக்கினார், வெளிச்சத்தில் பிடித்தார். கிழிசல் எதுவும் தெரியவில்லை. மெக்கானிக்கும் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை.

திரும்ப மாட்டிவிட்டு, படியில் உட்கார்ந்து யோசித்தார். நிற்கும்போது தெரியாத ஓட்டை ஓடும்போதுதான் திறக்க வேண்டும். ஓடும்போது எனக்கு என்ன தெரிந்தது?

மேட்டில் ஒரு விசில்.

அது டர்போவா, வேறா? முன்பு இருந்ததா, புதிதா? புதிது என்றால், என்றைக்கு வந்தது?

இந்த வண்டியை வருஷக்கணக்காகக் காதால் கேட்டவன் ஒருவன்தான்.

சென்னியப்பன் சாவியை எடுத்தார். மறுபடி கீழே வைத்தார். கொஞ்ச நேரம் போனது. லாரியிலேயே கிளம்பினார்.

 

மாதேசன் வீடு எடப்பாடிக்கு அந்தப் பக்கம். வாசலில் ஒரு பள்ளிக்கூட வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். லாரியின் சத்தம் தெருமுனையில் கேட்டபோதே நிமிர்ந்துவிட்டான். இறங்கியவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்து மறுபடி கழுவத் தொடங்கினான்.

சென்னியப்பன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை.

"மாதேசா. வண்டியில ஒரு விசில் சத்தம் வருதே."

மாதேசன் நிமிரவில்லை.

"மேட்டுல மட்டும்ங்களா?"

"ஆமா."

"லோடோட ஏறும்போது?"

"ஆமா. லோடு இல்லாம ஏறினா வரதில்ல."

தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டான்.

"இஞ்சினுக்குக் கீழ ரப்பர் மவுண்டிங் மாத்தினோமில்லீங்க, ஆடியில? அதுக்கப்புறம்தான் வருது. புகையும் அதுக்கப்புறம்தான்."

"ஏன்டா இதைச் சொல்லல?"

"அன்னைக்குப் போன்ல அதைத்தான் சொல்ல வந்தேன்."

சென்னியப்பன் தெருவைப் பார்த்தார். ஒரு நாய் குறுக்கே போனது. அது போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லு," என்றார்.

மாதேசன் கையை உதறித் துடைத்தான். நேரே லாரிக்குப் போனான்.

"நீங்க ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க. பிரேக்கை அமுத்திக்கிட்டு, கியரைப் போட்டு, கிளட்சை லேசா விடுங்க. இஞ்சின் ஒரு பக்கமாத் திமிறணும். நான் பக்கவாட்டுல நின்னு பாக்கறேன்."

சென்னியப்பன் ஏறினார். வண்டி முக்கியது. இஞ்சின் திமிறிச் சாய்ந்தது.

விசில் கேட்டது.

"நிறுத்துங்க!"

இறங்கி ஓடிவந்தார். மாதேசனின் கை ரப்பர் குழாயின் அடிவயிற்றில் இருந்தது.

"இங்க கையை வைங்க."

வைத்தார். புது மவுண்டிங் இஞ்சினைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தது. குழாயின் அடிப்பக்கம் ஒரு இரும்புப் பட்டையில் உரசி உரசி, ரப்பரின் மடிப்பை ஒட்டி நகக்கீறல் அளவுக்குப் பிளந்திருந்தது. இஞ்சின் சும்மா இருக்கும்போது கீறல் மூடிக்கொள்ளும். சுமை ஏறித் திமிறும்போது வாய் திறக்கும்.

"இத்தனூண்டா," என்றார் சென்னியப்பன்.

அவர் விரலை எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை.

உள்ளேயிருந்து மாதேசனின் மனைவி எட்டிப் பார்த்தாள். "அண்ணனுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க," என்றாள்.

"குடும்மா," என்றார் சென்னியப்பன்.

குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார். லாரிச் சாவி அவர் கையில்தான் இருந்தது. அதைச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பஸ் நிறுத்தம் எங்கே என்று கேட்டார்.

 

புதுக் குழாய் போட்டார்கள். இரும்புப் பட்டையை வளைத்துத் தள்ளி வைத்தார்கள். ஆயிலை மாற்றினார்கள். இஞ்சினைப் பிரிக்கவில்லை. பொங்கல்வரை மாதேசன் அதே கிரஷர் ரோட்டில் ஓட்டினான்.

பொங்கல் கழிந்து மூன்றாவது குப்பி போனது. காகிதம் வாங்க இருவரும் சேர்ந்து வந்தார்கள். சென்னியப்பன் உட்கார்ந்தார். மாதேசன் கதவோரம் நின்றான். இன்னொரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவன் ஒருபோதும் முதலாளி முன்னால் உட்கார்ந்ததில்லை.

"சிலிக்கான் இறங்கிருச்சு," என்றாள் ஜெபராணி. "கிலோமீட்டரை வெச்சுப் பாத்தாலும் இறங்கித்தான் இருக்கு. இரும்பு, அலுமினியம், ரெண்டும் அதே மாதிரி இறங்கியிருக்கு. மண்ணு நின்னுருச்சு அண்ணாச்சி."

"தேஞ்சதுங்க?"

"தேஞ்சது தேஞ்சதுதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"ஆனா ஓடும்," என்றாள். "பாத்துக்கிட்டா ரொம்ப நாள் ஓடும்."

சென்னியப்பன் காகிதத்தை மடிக்கக் கை நீட்டினார்.

அதற்குள் அவள் காகிதத்தில் இன்னும் கீழே ஒரு இடத்தைத் தொட்டாள். ஒரு வரி சிவப்பாக இருந்தது.

"இது செம்பு. முன்ன ரெண்டு தடவையும் இது சிவப்புல இல்ல."

கதவோரம் மாதேசனின் கை தானாகக் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டது.

சென்னியப்பன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான்கு காரணம் தோன்றியது. நான்கில் மூன்றுக்குப் பழி போட ஆள் யார் என்றும் தோன்றியது.

காகிதத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

"மாதேசா."

"அண்ணா."

"வண்டியில புதுசா ஏதாச்சும் தெரியுதா உனக்கு?"

மாதேசன் கவிழ்ந்து கிடந்த காகிதத்தைப் பார்த்தான்.

"கேக்கறீங்களா, திட்டப்போறீங்களாங்க?"

"கேக்கறேன்."

மாதேசன் கதவுப் பிடியை விட்டான். காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.